வண்டி பழசு என்பது பதிலாகுமா?

வாசகர் கேள்வி – பதில்: வாகனப் பராமரிப்பு

கேள்வி: என் தந்தையார் புதிதாக வாங்கிய கார் 24 ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிளட்ச் மாற்றவும் என்ஜின் ஆயில் மாற்றவும் அண்மையில் அதை ஒரு பட்டறையில் விட்டேன். வண்டி திரும்பி வந்த மறுநாள் கழுவக் குனிந்தபோது, இரு பக்கமும் கதவுகளுக்குக் கீழே இருக்கும் தகட்டு விளிம்பு நசுங்கி மடங்கியிருப்பதைப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து, வண்டி நிற்கும் இடத்தில் ஆயில் சொட்டத் தொடங்கியது. பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட் இருக்கும் இடத்தில் மரை போய்விட்டது என்று வேறொரு மெக்கானிக் சொல்கிறார். முதல் பட்டறைக்காரரைக் கேட்டால், "வண்டி பழசு, தொட்டாலே உடையும்" என்று முடித்துவிட்டார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு உள்ள சிக்கல். 24 ஆண்டுகள் வெயிலையும் என்ஜின் சூட்டையும் வாங்கிய பிளாஸ்டிக் கிளிப் கை பட்டவுடன் முறியும். துருவேறிய போல்ட் எத்தனை பக்குவமாகக் கழற்றினாலும் சில வேளை தலை போய்விடும். இவற்றுக்குப் பட்டறையைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் குறிப்பிடும் இரண்டும் அந்தக் கணக்கில் சேருமா என்பதை வண்டியே காட்டிவிடும். அதைச் சரிசெய்வதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

முதலில் தகட்டு விளிம்பு. வண்டியைத் தூக்குவதற்கென்று நான்கு இடங்களைத் தயாரிப்பாளர் வலுப்படுத்தியிருப்பார். பெரும்பாலான கார்களில் அந்த விளிம்பிலேயே சிறு வெட்டுகளோ அம்புக்குறிகளோ அவற்றைக் காட்டும். வண்டியோடு வந்த கையேட்டில் படமும் இருக்கும். நசுங்கல் அந்தக் குறிகளுக்கு வெளியே இருந்தால், ஜாக்கியையோ லிஃப்டின் கைகளையோ கண்ட இடத்தில் வைத்துத் தூக்கியிருக்கிறார்கள் என்பது வெளிப்படை. அடுத்து, மடிப்பின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் உரிந்த வெறும் இரும்பின் மேல் சில நாள்களிலேயே மெல்லிய ஆரஞ்சு நிறப் பூச்சாகத் துரு படியும். ஆண்டுக்கணக்கில் ஊறிய துருவோ பழுப்பும் கருப்புமாக அடுக்கடுக்காக இருக்கும், விரலால் தள்ளினால் செதில் செதிலாக உதிரும். முதல் வகை என்றால் நல்ல தகட்டைக் கெடுத்திருக்கிறார்கள். குறியிட்ட இடத்திலேயே தூக்கியும் தகடு அடுக்குத் துருவோடு உள்ளே போயிருந்தால், பட்டறைக்காரர் சொல்வதை நீங்கள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

டிரெயின் போல்ட் கதை கொஞ்சம் நுட்பமானது. பல கார்களில் ஆயில் சம்ப், அதாவது என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, அலுமினியம்; போல்ட் இரும்பு; இறுக்கம் மிகுந்தால் தோற்பது அலுமினியமே. பெரும்பாலான சிறிய கார்களில் அந்த போல்ட்டுக்கு ஏறத்தாழ 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். காற்றழுத்தத்தில் போல்ட்டை முடுக்கும் ஏர் கன்னை வைத்து ஒரு நொடி அழுத்தினால் அதைப்போலப் பல மடங்கு ஏறிவிடும். அப்படிப் போன மரை, போல்ட்டைக் கழற்றும்போது பளபளக்கும் வெள்ளைச் சுருளாக, மெல்லிய ஸ்பிரிங் போல அதைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 24 ஆண்டுகளில் எத்தனையோ கைகள் அந்த போல்ட்டை இறுக்கியிருக்கும், ஒவ்வொரு கையும் மரையைச் சிறிது சிறிதாக இழுத்திருக்கும். கடைசியாகத் தொட்டவர் தலையில் முழுப் பழியும் விழுவது எப்போதும் நியாயமாகாது. எனினும், பழைய ஆயிலை இறக்கும்போது போல்ட் அவர் கையில்தான் இருந்தது. மரை தளர்ந்திருப்பது திரும்ப முடுக்கும்போது எந்த மெக்கானிக்கின் கைக்கும் தெரியும். தெரிந்தும் உங்களிடம் சொல்லாமல் ஆயிலை ஊற்றி அனுப்பியதை வண்டியின் வயதால் நியாயப்படுத்த முடியாது.

இதைக் கடுமையாகச் சொல்வதற்கு எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. தொழில் பழகிய நாள்களில் ஒரு காருக்கு ஸ்பார்க் பிளக் மாற்றினேன். முதல் இரண்டு மூன்று சுற்றுகளைக் கையால் திருகிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும் என்று ஆசான் சொல்லியிருந்தார். நான் அவசரத்தில் நேராக ஸ்பேனரை வைத்தேன். பிளக் கோணலாக ஏறியது, பாதியில் பிடித்தது; பிடித்ததே போதும் என்று இறுக்கிவிட்டு வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஓட்டத்தின் நடுவே அந்த பிளக் தெறித்து வெளியே வந்தது. அன்றே சொல்லியிருந்தால் அரை நாள் வேலை. சொல்லாமல் விட்டதால் என்ஜினின் ஹெட்டையே இறக்க வேண்டியதாயிற்று. ஆசான் வண்டிக்காரரிடம் போய்த் தலைகுனிந்து நின்றதை இன்றும் மறக்கவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எதையும் சரிசெய்யும் முன் படம் எடுங்கள்: நசுங்கலை அருகிலிருந்து ஒன்று, அது வண்டியின் எந்த இடம் என்று தெரியும்படி தள்ளி நின்று ஒன்று, ஓடிய கிலோமீட்டர் தெரியும்படி டேஷ்போர்டை ஒன்று. கழற்றிய போல்ட்டையும் அதில் சுற்றிய சுருளையும் துடைக்காமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். இரண்டாவது மெக்கானிக்கிடம், யார் தவறு என்று எழுதித் தரக் கேட்காதீர்கள். தான் கண்டதை மட்டும், தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே தொழிலில் இருப்பவர் இன்னொருவர் மீது பழி எழுதத் தயங்குவார், கண்டதை எழுத அவ்வளவு தயங்கமாட்டார்.

பிறகு பட்டறை உரிமையாளருக்கு, வேலை செய்த பையனுக்கு அல்ல, ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில் எதற்காக வண்டியை விட்டீர்கள், எப்போது எடுத்தீர்கள், என்ன கண்டீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்ற நான்கு செய்திகள் போதும். உங்கள் தந்தையார் அந்தக் காரை எப்படி வைத்திருந்தார் என்பது உங்களுக்குப் பெரிது, ஆனால் கடிதத்தில் அதற்கு இடமில்லை. கேட்பதும் அளவாக இருக்கட்டும்: இந்த இரண்டு சேதத்தையும் சரிசெய்ய ஆகும் செலவு, அவ்வளவுதான். வண்டி முழுவதையும் புதிதாக்கித் தரக் கேட்டால், நியாயமான பாதியையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். வந்து பார்வையிட அவர்களுக்கு ஒரு நாள் குறித்துக் கொடுப்பதும் முக்கியம். பார்க்க வாய்ப்பே தரவில்லை என்ற வாதம் பிற்பாடு எழாது.

அதே பட்டறையிலேயே சரிசெய்யலாமா என்று கேட்பீர்கள். மரையைப் பொறுத்தவரை, எந்த முறையில் என்பதை முன்கூட்டியே பேசிக்கொண்டால் தரலாம். சம்பைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, ஹெலிகாயில் என்று பட்டறைகளில் வழங்கும் கம்பிச் சுருள் மரையைப் பொருத்துவது நிலைத்து நிற்கும் வேலை. சம்பையே மாற்றிவிடுவது அதைவிடச் சுத்தம். சம்பைக் கழற்றாமல் துளையிட்டால் அலுமினியத் துகள்கள் உள்ளே விழும், ஆயிலோடு கலந்து எங்கெல்லாமோ போகும். தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் பெரிய போல்ட்டையோ, டேப் சுற்றிப் பசை தடவுவதையோ ஒப்புக்கொள்ளாதீர்கள். விளிம்புத் தகட்டை மட்டும் அவர்களிடம் விடவேண்டாம், அது டிங்கரிங் தெரிந்தவருடைய வேலை. மடிப்பை நிமிர்த்தி, இரும்பு தெரியும்வரை சுரண்டி, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, இணைப்பைப் பசையால் அடைத்து, மேலே அடிப்பூச்சும் உள் குழிவில் மெழுகும் அடிக்க வேண்டும். துருவின் மேலேயே கறுப்புப் பூச்சை அடித்து மூடினால் இரண்டு மாதம் அழகாக இருக்கும். உள்ளே ஈரம் சிக்கிக்கொண்டு தகட்டைத் தின்னும்.

உரிமையாளர் மசியவில்லை என்றால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பையோ நீதிமன்றத்தையோ நாடலாம். முறையீட்டுக்கான காலவரம்பை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். பழைய வண்டி என்பதால், பழுது பார்க்கும் செலவு வண்டியின் சந்தை மதிப்பைத் தாண்டுகிறது என்ற வாதம் எதிர்த்தரப்பிலிருந்து வரக்கூடும். கேட்கும் தொகை அளவாக இருந்தால் அந்த வாதத்துக்கு வேலையில்லை.

கேள்வி: பஞ்சர் ஒட்டி வாங்கி ஆறு மாதம் கழித்து, வழியில் மறுபடியும் பஞ்சர். வண்டியில் இருந்த ஸ்பேனரின் மேல் ஏறி நின்றும் நட் அசையவில்லை. கடைசியில், நட் மாட்டும் ஸ்டட் ஒன்று முறிந்தது. பஞ்சர் கடையின் தவறா, ஸ்டட் பழையதா?

பதில்: முறிந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் பிறை வடிவில் கறுத்தோ துருப்பிடித்தோ இருந்து, மீதி மட்டும் சாம்பல் நிறத்தில் மினுங்கினால், விரிசல் முன்பே இருந்தது, நீங்கள் முடித்துவைத்தீர்கள். முழு முகமும் புதிதாக மினுங்கினால், அன்றைக்குத்தான் முறிந்தது. நட் அசையாததற்கு மிகை இறுக்கமும் காரணமாக இருக்கலாம், ஆறு மாதத் துருவும் காரணமாக இருக்கலாம். ஆகவே கடைமேல் முழுப் பழியையும் போடும் அளவுக்கு உங்களிடம் சான்று இல்லை என்பதே என் கருத்து. சிறிய கார்களில் சக்கர நட்டுக்குப் பெரும்பாலும் 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரையே விசை குறிப்பிடப்படுகிறது. உங்கள் வண்டிக்குரிய சரியான எண் கையேட்டில் இருக்கும். ஒரு ஸ்டட் முறிந்த சக்கரத்தில் மற்றவையும் இழுபட்டிருக்கும் என்பதால் அந்தச் சக்கரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இனி எந்தக் கடையிலும் கடைசி முறுக்கை, விசையை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் போடச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை நீங்களே சரிபாருங்கள்.

கேள்வி: சர்வீஸில் எல்லாத் திரவங்களையும் நிரப்பிக் கொடுத்தார்கள். சில நாள்களாக பிரேக் மிதி மெதுவாகத்தான் மேலே வருகிறது, முன் சக்கரங்கள் சூடாகின்றன. பழைய வண்டி என்பதால், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் காலிப்பர் பிடித்திருக்கும் என்கிறார்கள்.

பதில்: முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள், பட்டறைக்குப் போவதானாலும் தூக்கி ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். காலிப்பர் துருப்பிடித்தும் இப்படி ஆகலாம், மறுக்கவில்லை. ஆனால் சர்வீஸுக்குப் பின் சில நாள்களில், இரு முன் சக்கரங்களிலும் ஒன்றாகத் தொடங்கியது என்பதால் எனக்கு வேறொரு சந்தேகம் வருகிறது: பிரேக் ஃபுளூயிட் ஊற்ற வேண்டிய டப்பாவில் பவர் ஸ்டீயரிங் ஆயிலோ என்ஜின் ஆயிலோ போயிருக்கலாம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, டப்பாவிலிருந்து சில சொட்டுகளை அதில் விடுங்கள். வழக்கமான டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஃபுளூயிட் தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். மேலே மிதந்து வானவில் நிறத்தில் படலம் விரிந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது. (டாட் 5 சிலிக்கான் வகையும் கலக்காது, அதை உங்கள் வண்டிக்குத் தயாரிப்பாளர் சொல்லியிருக்க மாட்டார், டாட் 4 உடன் சேர்க்கவும் கூடாது.) டப்பா மூடியின் ரப்பர் வளையம் உப்பி, இருந்த இடத்தில் திரும்ப உட்காராமல் நெளிந்திருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. பிரேக் அமைப்பில் உள்ள ரப்பர், பிரேக் ஃபுளூயிடைத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெயில் ஊறி வீங்கும். வீங்கிய ரப்பர் சீல், மிதியின் அழுத்தத்தைத் திரவத்துக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டரில், திரவம் திரும்பும் வழியை அடைத்துக்கொள்வதால்தான் பிரேக் விடாமல் பிடிக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தவறு தெரிந்ததும் பல பட்டறைகள், எண்ணெயை உறிஞ்சிவிட்டுப் புதிய ஃபுளூயிட் ஊற்றிக் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்கும். வீங்கிய ரப்பர் அதனால் பழைய நிலைக்கு வராது. மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், வீல் சிலிண்டர் ஆகியவற்றின் சீல்கள், ரப்பர் ஹோஸ்கள், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருந்தால் அதன் பகுதி, இவை எல்லாம் மாற்றப்பட வேண்டும். இரும்புக் குழாய்களைக் கழுவ வேண்டும். செலவு பெரிது, அதனால் வாக்குவாதமும் பெரிதாகும். ஆகவே டப்பாவில் இருக்கும் திரவத்தைக் கொஞ்சம் சுத்தமான புட்டியில் எடுத்து மூடி, தேதி எழுதி ஒட்டி வைத்துக்கொண்டு பேசப் போங்கள்.

கேள்வி: முன் விளக்கின் குரோம் வளையம் நெளிந்திருந்தது. தட்டி நிமிர்த்தக் கொடுத்தேன். பட்டறையில் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டுப் பழையதைக் குப்பையில் எறிந்துவிட்டார்களாம். புதியது பொருந்தவும் இல்லை.

பதில்: இன்றே நேரில் போய் அவர்கள் பழைய இரும்பைக் கொட்டிவைக்கும் இடத்தைத் தேடச் சொல்லுங்கள், காயலான் கடைக்கு ஏற்றுமதியாகும் வரை அது பெரும்பாலும் மூலையில்தான் கிடக்கும். கிடைக்காவிட்டால், கேட்காத வேலைக்குப் போட்ட கட்டணத்தைத் திரும்பக் கேட்பதோடு, அதே மாடலின் பழைய வளையம் ஒன்றைத் தேடித் தருவதும் அவர்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை வண்டியை விடும்போது, "கழற்றும் எதையும் எறியாமல் என்னிடம் தர வேண்டும், எழுதிய வேலைக்கு மேல் எதைச் செய்வதானாலும் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்" என்ற இரண்டு வரிகளை, பட்டறையின் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் உங்கள் கையாலேயே எழுதி, அதில் அவர்கள் கையெழுத்தையும் வாங்கி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.