கன்னத்தில் இரண்டு சின்ன கருந்திட்டுகள் மட்டும் இருக்கின்றன. ஐபிஎல் ஒளி சிகிச்சை செய்துகொள்ளலாமா?

நீங்களும் நம் ஊர் மாநிறம்தான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அது என்ன திட்டு என்று ஒரு தோல் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை வேண்டாம். பார்வைக்கு எல்லாம் கறுப்புதான். ஆனால் வெயில் புள்ளி வேறு, பரு விட்டுப்போன கறை வேறு, மங்கு (மெலாஸ்மா) வேறு.

எனக்கு இருந்தது மங்கு. அது பொம்பளைங்களுக்குத்தான் வரும் என்பவர்கள் என் கன்னத்தை வந்து பார்க்கலாம். நாள் முழுக்க வெயிலில் பைக்கில் சுற்றும் விற்பனை வேலை எனக்கு.

போனது ஒரு அழகு கிளினிக்குக்கு. பேர் வேண்டாம். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் திட்டை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் பேக்கேஜ் அட்டையை நீட்டினார். முன்பணம் கட்டினேன். ஆனால், "முதல்ல காதோரமா ஒரே ஒரு இடத்துல அடிச்சுப் பாருங்க, மத்தது அப்புறம்" என்று நின்றேன். "யாரும் இப்படிக் கேக்கறதில்ல சார்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் செய்தார். ரப்பர் பேண்டால் சுண்டியது போல ஒரு சுரீர், அவ்வளவுதான். மறுநாள் பார்த்தால், கருவியின் முனை எந்த அளவோ அதே அளவுக்குச் செவ்வகமாக ஒரு பழுப்புத் தடம். அது மங்க மாதக்கணக்கில் ஆனது. கன்னத்தில் அடித்திருந்தால்? முன்பணத்தைக் கேட்டதற்கு, "உங்க ஸ்கின் சென்சிட்டிவ் சார்" என்று என் தோல் மேலேயே பழியைப் போட்டார்கள்.

காரணத்தைப் பிறகு தோல் மருத்துவர் விளக்கினார். ஐபிஎல் என்பது லேசர் அல்ல. சுமார் 500 முதல் 1200 நானோமீட்டர் வரை பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளி. தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதை உறிஞ்சிச் சூடாகும். வெள்ளைத் தோலில் புள்ளியில் மட்டும்தான் மெலனின் அதிகம், அதனால் புள்ளி கருகி உதிரும். நமக்கோ சுற்றியுள்ள தோலிலும் மெலனின். அதுவும் சேர்ந்து வெந்து, புதுக் கறை விழும். அதனால்தான் கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி:யாக் லேசர் பக்கம் போகிறார்கள். மேல்தோல் மெலனின் அந்த ஒளியைக் குறைவாகத்தான் பிடிக்கும். மங்குக்கு அதுகூட முதல் வைத்தியம் இல்லை, திரும்பி வரும் என்றார்.

"எனக்கு ஐபிஎல்லில் போயிடுச்சே" என்று சண்டைக்கு வராதீர்கள். வெளிர் நிறத்தில் வெயில் புள்ளி என்றால் நன்றாகவே போகும். நான் மருத்துவரும் இல்லை, ஐபிஎல்லுக்கு எதிரியும் இல்லை.

எனக்கு மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒரு களிம்பும், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீனும் எழுதித் தந்தார். வெறும் வெளிச்சம்கூட மங்குத் திட்டைக் கிளறுமாம். முழுசாகப் போகவில்லை, வெளுத்திருக்கிறது. அதே களிம்பு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறதே என்று நீங்களாக வாங்கிப் பூசாதீர்கள். முகத்துக்கென்று விற்பதில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பூசப் பூசத் தோல் மெலிந்து சிவக்கும்.

   

எப்படியும் ஐபிஎல் செய்வது என்று முடிவெடுத்தால், வெயிலில் முகம் கறுத்திருக்கும்போது போகாதீர்கள். டாக்சிசைக்ளின் போன்ற, ஒளி பட்டால் தோலை எளிதில் பாதிக்கவைக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். காதோரம் ஒரு அடி அடித்துப் பார்த்து, சில வாரம் பொறுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.