"அவர் நடக்கப் போகிறார், நான் அடுப்பில் நிற்கிறேன்"

(வாசகர் கேள்விகளுக்கு ஓர் உணவியல் நிபுணரின் பதில்கள்)

கேள்வி: எனக்கு வயது 43. ஊரப்பாக்கத்தில் வீடு, எழும்பூரில் வேலை, வாரம் ஆறு நாள். காலை 4.45க்கு எழுந்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, மாமியாருக்குக் கஞ்சி வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு ஓடுகிறேன். திரும்பி வர இரவு ஏழரை ஆகிறது. போன மாதம் மூன்று மாத சர்க்கரை சராசரி 6.2 என்று வந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். என் கணவர் 5.30க்கு வாக்கிங் போய் 6.30க்கு வருகிறார். அந்த நேரத்தில் நான் அடுப்பில் நிற்கிறேன். "இன்னும் அரைமணி முன்னாடி எழுந்துக்கோ" என்கிறார். அப்படிச் செய்யலாமா? எனக்கென்று தனியாக ஓட்ஸ் செய்துகொள்ள வேண்டுமா?
— ஒரு வாசகி, ஊரப்பாக்கம்

பதில்: இரண்டுமே வேண்டாம், சகோதரி. தூக்கம் குறைந்தால் உடம்பில் இன்சுலின் வேலை செய்வது மந்தமாகும், பசியும் கூடும். 4.15க்கு எழுந்து நடந்தால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொள்வதுபோல ஆகிவிடும்.

6.2 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 5.7 முதல் 6.4 வரை அப்படித்தான் கணக்கு. இங்கிருந்து திரும்பி வந்தவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனால் அலட்சியம் கூடாது. 2023ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்த 5.30. உங்கள் வீட்டில் காலையில் ஒரு மணி நேரம் இருக்கத்தான் செய்கிறது. அது முழுக்க ஒருவருக்கே போகிறது. உங்கள் கணவர் நடப்பது நல்லது, அதை நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்தில் மூன்று நாள் அவர் சாயங்காலம் நடக்கட்டும். அந்த மூன்று காலையில் காய் நறுக்குவதும், குக்கர் வைப்பதும், மாமியாரின் கஞ்சியும் அவர் பொறுப்பு. கஞ்சி அவருடைய அம்மாவுக்குத்தானே.

இதை நான் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். 2016ல் எனக்கு 6.1 வந்தது. அதற்குமுன் பதினைந்து வருடமாக அடுத்தவர்களுக்கு "நேரம் ஒதுக்குங்கள்" என்று சொல்லிவந்தவள் நான். ஒதுக்க எதுவும் கையில் இல்லாத பெண்ணிடம் அந்த வார்த்தை எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. என் கணவரிடம் உட்கார்ந்து பேசினேன். சண்டை போடவில்லை, ரிப்போர்ட்டை நடுவில் வைத்துப் பேசினேன். முதல் மாதம் பொரியலில் உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் இருக்காது. சாப்பிட்டோம். இன்றைக்குக் கீரைக் கூட்டு என்னைவிட அவர் நன்றாகச் செய்கிறார்.

சரி, வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வரும்வரை? சாயங்காலம் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு ஸ்டேஷனிலிருந்து நடந்தே வாருங்கள். பெரும்பாலும் அது 15 நிமிடம் இருக்கும். மதியம் சாப்பிட்ட கையோடு ஆபீஸைச் சுற்றி 10 நிமிடம். ஒரு நாளைக்கு 25 நிமிடம், ஆறு நாளைக்கு 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது இவ்வளவு என்கிறது. ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது தொடர்ந்து நடந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020லேயே எடுத்துவிட்டார்கள். பாடினால் மூச்சு வாங்க வேண்டும், பேசினால் பேச முடிய வேண்டும். அந்த வேகம் போதும். அதிலும் சாப்பிட்டவுடன் நடப்பது உங்களுக்கு ரொம்ப முக்கியம். ஏறுகிற சர்க்கரையைக் காலின் தசைகள் அப்போதே எடுத்துக்கொள்ளும்.

உணவுக்கு வருகிறேன். தனிச் சமையல் என்றால் உங்களுக்கு நாலாவது பாத்திரம். வேண்டவே வேண்டாம். வீட்டுக்கே ஒரே சாப்பாடு, அளவை மட்டும் மாற்றுங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரிக்கான ஒருநாள் தட்டில் காய், கீரை 400 கிராம். அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம்தான். நம் டிபன் பாக்ஸில் பெரிய அடுக்கு நிறையச் சாதம், சின்ன அடுக்கில் ஒரு கைப்பிடி பொரியல். அடுக்கை மாற்றுங்கள். பெரியதில் பொரியல், சின்னதில் சாதம். இதற்கு ஒரு நிமிடமும் கூடுதலாக வேண்டாம், காய்தான் கூட வேண்டும். ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் டிவி முன்னால் உட்காரும்போது பீன்ஸையும் கோஸையும் அங்கேயே கொண்டுபோய் வையுங்கள், எல்லார் கையும் சேரட்டும். கீரையை அன்றன்றைக்கு ஆய்வதுதான் நல்லது. இரவு படுக்கும்முன் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ ஊறப்போட்டால் காலையில் குக்கரில் சாதத்தோடு மேல்தட்டில் வெந்துவிடும். மாலை ரயிலில் பசிக்கும்போது பிஸ்கட்டுக்குப் பதில் அந்தச் சுண்டல். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் சோதித்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நான் இரவுநேர தொலைதூர பஸ் ஓட்டுநர், வயது 38. நடுராத்திரி நிறுத்தும் ஹோட்டலில் எங்களிடம் காசு வாங்க மாட்டார்கள். பரோட்டா, ஆஃப்பாயில் என்று சாப்பிட்டு நாலு வருடத்தில் 11 கிலோ ஏறிவிட்டேன். சர்க்கரைக்கு மாத்திரையும் ஆரம்பித்திருக்கிறார்கள்.
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, உங்கள் தொழிலை வைத்தே ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார்கள். 1953ல் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, நாளெல்லாம் படியேறி டிக்கெட் கொடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. ஆகவே பஸ் நிற்கும் இருபது நிமிடத்தில் முதல் பத்து நிமிடம் நடங்கள், அப்புறம் சாப்பிட உட்காருங்கள்.

வண்டி எடுக்கும்முன் வீட்டில் முழுச் சாப்பாடு. நடுவில் இரண்டு இட்லி, ஓர் ஆம்லெட், சர்க்கரை இல்லாத டீ. இலவசம் என்பதால் பரோட்டாவைச் சாப்பிட்டே ஆகவேண்டும் என்றில்லை, இட்லியும் அங்கே இலவசம்தான். ஆனால் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். இரவில் வேலை என்பதைச் சொல்லி, எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை ரொம்ப இறங்கிப்போய்க் கை நடுங்கி, வேர்த்து, பார்வை மங்கினால் அந்த நிமிடமே வண்டியை ஓரங்கட்டுங்கள். உங்கள் பின்னால் நாற்பது உயிர் தூங்குகிறது. குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: வயது 61. வீடு பெருக்கி, துடைத்து, துணி துவைக்கிறேன். தனியாக உடற்பயிற்சி வேண்டுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் வீட்டு வேலை கணக்கில் சேரும், அம்மா. யாராவது அது உடற்பயிற்சி இல்லை என்றால் நம்பாதீர்கள். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி மட்டும் வாரம் இரண்டு நாளாவது தனியாக வேண்டும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள். முட்டி வலித்தால், இரண்டு தலையணை வைத்து இருக்கையை உயர்த்திக்கொள்ளுங்கள்.