கணினியில் வரைந்த விமானம்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: கணினியிலேயே வடிவமைத்தால் ராணுவ விமானம் சீக்கிரம் தயாராகிவிடும் என்கிறார்கள். அப்படி உருவான அமெரிக்காவின் டி-7ஏ பயிற்சி விமானம் ஏன் இவ்வளவு தாமதம்?

பதில்: சீக்கிரம் முடிந்த பகுதியும் உண்டு. போயிங்கும் ஸ்வீடனின் சாப் நிறுவனமும் சேர்ந்து, மூன்றே ஆண்டுகளில் 2016 டிசம்பரில் இதைப் பறக்கவிட்டன. 2018-இல் 351 விமானங்களுக்கு ஒப்பந்தமும் கிடைத்தது.

கணினி வடிவமைப்பால் மிச்சப்பட்டது பெரும்பாலும் பாகங்களைப் பொருத்தும் நேரம். பழைய முறையில் இரண்டு பாகங்களை ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் சட்டம்) பிடித்து, சேர்த்துத் துளை போட்டு, கழற்றிப் பிசிர் நீக்கி, இடைவெளிக்கு ஷிம் (மெல்லிய தகடு) வைத்து மறுபடி பூட்ட வேண்டும். கணினி மாதிரியை வைத்துச் செய்யும் புதிய முறையில் ஒவ்வொரு பாகமும் முழு அளவுத் துளையோடு வந்துவிடும். துளைகளை நேர்படுத்திப் பூட்டினால் போதும். ஆனால் கணினி மாதிரி சரியாக இருந்தும் காலை வாரிவிடுவது வெப்பநிலை. அலுமினியம் 1 டிகிரிக்கு, மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளும். 3 மீட்டர் பாகம், 5 டிகிரி வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 0.35 மி.மீ.; கடைசித் துளையில் ரிவெட் இறங்காது. அளவுகளை 20 டிகிரி செல்சியஸுக்குத் திருத்திக் கணக்கிடுவது இதனால்தான்.

தாமதம் வேறு இடத்தில் வந்தது. மூக்கை அதிகம் உயர்த்தியபோது விமானம் பக்கவாட்டில் மாறி மாறி உருண்டது. காற்று இறக்கையை ஒட்டி ஓடும்வரை கணினிக் கணக்கை நம்பலாம். பிரிந்து சுழலானால், பொதுவாக இரு பக்கச் சுழல்களும் ஒரே நேரத்தில் உடைவதில்லை. கொந்தளிப்பைச் சராசரியாக்கும் சமன்பாடுகளில் அந்த வித்தியாசம் சரியாகப் பிடிபடாது. கடைசியில் கட்டுப்பாட்டு மென்பொருளைத்தான் திருத்தினார்கள். அதைவிடப் பிடிவாதமானது அவசரகால வெளியேற்று இருக்கை. உடல்வாகு வேறுபட்ட எல்லா விமானிகளுக்கும் அது பாதுகாப்பாக இருக்க வேண்டும். தலைக்கும் கழுத்துக்கும் வரும் ஆபத்தை அறிய, பொம்மைகளை ராக்கெட் வண்டியில் ஏற்றித் தண்டவாளத்தில் ஓட்டியே பார்க்க வேண்டியிருந்தது. தாமதத்துக்கு இன்னொரு காரணமான உதிரிபாகத் தட்டுப்பாட்டுக்கும் கணினி மாதிரிக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பழியை அதன்மேல் போடக் கூடாது.

கேள்வி: பழைய விமானத்துக்கு இப்போது டிஜிட்டல் மாதிரி செய்து என்ன பயன்?

பதில்: உதிரிபாகம்தான். ஓய்வுபெற்ற இரண்டு எஃப்-16 விமானங்களை விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கழற்றி ஸ்கேன் செய்யும் வேலை 2021-இல் தொடங்கியது. பாகம் செய்த நிறுவனம் மூடிவிட்டாலும் வேறொருவரிடம் செய்துகொள்ளலாம். ஸ்கேனரில் கிடைப்பது வடிவம் மட்டுமே. எந்த உலோகக் கலவை, எந்த வெப்பப் பதம் (சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கிய விதம்) என்பதைத் தனியே சோதித்துச் சேர்க்க வேண்டும். தேய்ந்த பாகத்தை அப்படியே ஸ்கேன் செய்தால் தேய்மானமும் மாதிரிக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.