கம்பி இடைவெளிக்கு மீன்வலை கட்டலாமா?

கேள்வி: எனக்குத் தங்கச்சிமடம். குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. கீழக்கரையில் இருக்கும் நாத்தனார், துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய குழந்தைக் கட்டிலைக் (பேபி காட்) கொடுத்திருக்கிறார். ஒரு பக்கத் தடுப்பை மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம். கம்பிகளுக்கு நடுவே என் கைமுட்டி நுழைகிறது. வீட்டில் கிடக்கும் நைலான் வலையைச் சுற்றிக் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். மாமியார் இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் தைத்துவிட்டார். பயன்படுத்தலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம்மா. நாத்தனார் மனம் நோகாமல் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

முதல் சிக்கல் அந்த இறங்கும் பக்கம். திருகோ கொக்கியோ தளர்ந்தால் ஒரு மூலை மட்டும் கழன்று சாயும். மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவே உண்டாகும் சந்தில் குழந்தை சிக்கிக்கொள்ளும். இப்படிக் குழந்தைகள் இறந்ததால்தான் 2011-இல் அமெரிக்காவில் இந்த வகையை விற்கவே தடை போட்டார்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றில் ஜன்னல் கொண்டியே எத்தனை நாள் தாங்குகிறது என்று உங்களுக்குத் தெரியாததா?

கம்பி இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கால் நுழையும், இடுப்பும் நுழையும், தலை நுழையாது. உடம்பு வெளியே தொங்க, கழுத்து மாட்டிக்கொள்ளும். வலை கட்டுவது இன்னும் மோசம். வலையின் வேலையே சிக்கவைப்பதுதானே! கொசுவலை வேறு, அதை மேலிருந்து விறைப்பாக, குழந்தையின் கைக்கு எட்டாமல் கட்டலாம்.

மாமியாரின் மெத்தையில் பெரியவர்கள் படுக்கட்டும். நான்கு மாதத்தில் குழந்தை புரளத் தொடங்கும். பஞ்சில் முகம் புதைந்தால் தலையைத் திருப்பி மூச்சுவிட அதற்கு வலு போதாது. கையால் அழுத்தினால் குழி விழாத மெத்தை, இழுத்துச் செருகிய ஒரு விரிப்பு, அவ்வளவுதான். ஒரு வயதுவரை தலையணை, போர்வை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். எப்போதும் மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

வேறு கட்டில் கிடைக்கும்வரை தூளியா என்று கேட்பீர்கள். புரளும் வயதில் அதுவும் சரிப்படாது. உங்கள் அறையிலேயே, சுவரை விட்டுத் தள்ளி, தரையில் கெட்டியான மெத்தை போடுங்கள்.

ஆசாரியிடம் செய்யச் சொல்வதானால் நான்கு பக்கமும் அசையாத தடுப்பு, துருப்பிடிக்காத ஸ்டீல் திருகு என்று கேளுங்கள். மெத்தையை முதலில் வாங்கி அந்த அளவுக்கே சட்டம் போடட்டும். ஓரத்தில் இரண்டு விரல் நுழைந்தால் தளர்வு என்று அர்த்தம். குழந்தை உட்காரத் தொடங்கியதும் படுக்கைப் பலகையைக் கீழே இறக்குகிற மாதிரி துளையும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.