கான்கிரீட் வீட்டு மாடிக்கு வைஃபையும் பாட்டும்: எந்த குட்டி ரவுட்டர் வாங்கலாம்?

கேள்வி: அண்ணா வணக்கம். எங்க வீடு மொரீஷியஸ்ல ரோஸ்ஹில்ல இருக்கு. கீழ அம்மா அப்பா, மாடில நானும் வீட்டுக்காரரும். ஃபைபர் மோடம் கீழ ஹால்ல டிவி பக்கத்துல இருக்கு, மாடிக்கு ஏறினா வைஃபை ஒரு கோடுதான் காட்டுது, வெள்ளிக்கிழமை முருகன் பாட்டு போட்டா நின்னு நின்னு போகுது. அப்பாவோட பழைய ஆம்ப்ளிஃபயரும் ரெண்டு ஸ்பீக்கரும் மாடில சும்மா கிடக்கு, அதுல போன்ல இருந்து பாட்டு போடணும். கையடக்க ரவுட்டர் ஒண்ணு வாங்கினா ரெண்டும் சரியாகுமா? புயல்ல கரண்ட் போனாலும் ஓடுமா?
(வாசகி, ரோஸ்ஹில்)

பதில்: தங்கச்சி, வைஃபை சரியாகும். ஆனா பாட்டுக்கு ரவுட்டர் மட்டும் போதாது, அதை அப்புறம் சொல்றேன்.

மொதல்ல உங்க வீட்டைப் பாருங்க. 1960-ல ஜனவரில அலிக்ஸ், பிப்ரவரில கேரல்னு ரெண்டு புயல் அடுத்தடுத்து அடிச்சப்புறம்தான் மொரீஷியஸ்ல மரத்துலயும் தகரத்துலயும் இருந்த வீடெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கான்கிரீட்டுக்கு மாறிச்சு, நல்லதுதான், ஆனா உள்ள கம்பி கட்டின அந்தத் தளம் வைஃபைக்குப் பெரிய தடுப்பு. வைஃபை ரெண்டு அலைவரிசைல வரும், 5 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தத் தளத்துல ரொம்பவே செத்துப்போகும், 2.4 கொஞ்சம் தாங்கும். அதனால மாடில ஒரு குட்டி ரவுட்டர வச்சு கீழ இருக்குற வைஃபைய அப்படியே பிடிச்சு மறுபடி பரப்புங்கன்னு கடைக்காரர் சொன்னா உடனே தலையாட்டாதீங்க, ஏன்னா ஏற்கனவே நொந்துபோன சிக்னலைத்தான் அது பரப்பும், அதுவும் ஒரே அலைவரிசைல வாங்கி அதுலயே அனுப்புற ரவுட்டரா இருந்தா வேகம் ஏறக்குறைய பாதியாயிடும். மோடத்துல இருந்து மாடிப்படி ஓரமா ஒரு லேன் கேபிள் இழுத்துடுங்க. ரவுட்டர் விலைய விட இந்தக் கேபிள்தான் உங்களுக்கு முக்கியம்னு நான் உறுதியா சொல்வேன்.

கேபிள் வந்துட்டா சாதாரண குட்டி ரவுட்டரே போதும். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்802என், ஜிஎல்-ஐநெட் மேங்கோ ரெண்டுமே 6 செ.மீ.க்கும் குறைவான சதுரம், 2.4 மட்டும்தான், யூஎஸ்பி சார்ஜர்ல ஓடும். மேங்கோல லேன் கேபிள் செருகுற போர்ட் ரெண்டு இருக்கு, பென்டிரைவ் செருக யூஎஸ்பியும் இருக்கு, எனக்கு அதுதான் பிடிக்கும். போர்ட் வேகம் ரெண்டுலயும் 100 எம்பிபிஎஸ்தான். பாட்டுக்கு அதுவே ரொம்ப ஜாஸ்தி, நல்ல தரத்துல வர்ற ஸ்ட்ரீமிங் 320 கேபிபிஎஸ் (0.32 எம்பிபிஎஸ்), சிடி தரம்னாலும் 1.4 எம்பிபிஎஸ். மாடில பெரிய டிவில 4கே படம், ஆபீஸ் வேலையெல்லாம் சேர்த்துப் பாக்கணும்னா மட்டும் ரெண்டு அலைவரிசையும் கிகாபிட் போர்ட்டும் இருக்குற மாடலுக்குப் போங்க.

செட் பண்ணும்போது ஒண்ணே ஒண்ணு கவனம், ஆக்சஸ் பாயிண்ட் மோட்ல போடுங்க, அதாவது கீழ இருக்குற அதே நெட்வொர்க்கை மாடிக்கும் நீட்டுற மாதிரி. ரவுட்டர் மோட்லயே விட்டுட்டா மாடி தனி நெட்வொர்க் ஆயிடும், கீழ நிக்கிற அம்மா போன்ல இருந்து தேடினா மாடி ஸ்பீக்கருக்குப் பாட்டு வாங்கித் தர்ற கருவி (அதை அடுத்துச் சொல்றேன்) கண்ணுக்கே தெரியாது. நெட் நல்லாத்தான் வரும், ஆனா அந்தக் கருவி மட்டும் போன் லிஸ்ட்ல வராது, நிறைய பேர் கருவி கெட்டுப்போச்சுன்னு நினைச்சுத் திருப்பிக் குடுக்கறது இங்கதான்.

இப்ப பாட்டு. இந்த ரவுட்டர்கள்ல ஆடியோ ஜாக் கிடையாது. ஆப்பிளோட ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ்ங்கிற குட்டி ரவுட்டர்ல இருந்துச்சு, ஆனா 2018 ஏப்ரல்ல அதை நிறுத்திட்டாங்க. உங்ககிட்ட ஐபோன் இருந்து அது பழசா கிடைச்சா 2012-ல வந்த வெள்ளைச் சதுர மாடல் மட்டும் வாங்குங்க, ஏர்பிளே 2 (ஐபோன்ல இருந்து வைஃபை வழியா பாட்டு அனுப்புற வசதி) அதுக்குத்தான் வந்துச்சு, நேரா சுவர்ல செருகுற பழைய மாடலுக்கு வரல. இல்லன்னா வீட்டுல இயர்போன் ஓட்டை இருக்குற பழைய ஆண்ட்ராய்டு போன் கிடந்தா அதை வைஃபைல போட்டு ஆம்ப்ளிஃபயர்ல மாட்டிவிடுங்க, செலவு ஒரு கேபிளோட முடிஞ்சுது. ஆம்ப்ளிஃபயர் பின்னாடி சிவப்பு வெள்ளை ஓட்டைங்க ஜோடி ஜோடியா இருக்கும், ஆக்ஸ் அல்லது டேப்னு எழுதின ஜோடில செருகுங்க, ஃபோனோன்னு எழுதினதுல வேண்டாம், அது இசைத்தட்டுக்கு உள்ளது, சத்தம் கரகரன்னு உடையும்.

கரண்ட் போனா? 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்ல மேங்கோ பத்து மணி நேரத்துக்கு மேல ஓடும். ஆனா கீழ ஃபைபர் மோடம் அணைஞ்சா நெட் இல்ல, அந்த மோடத்துக்கு ஒரு மினி யூபிஎஸ் (கரண்ட் போனா தாங்குற குட்டி பேட்டரிப் பெட்டி) வேணும், வாங்கும்போது மோடம் அடாப்டர்ல எத்தனை வோல்ட்னு எழுதியிருக்குன்னு பாத்துட்டுப் போங்க. ஆம்ப்ளிஃபயரும் ஓடாதுதான், ஆனா மேங்கோல ஒரு பென்டிரைவ் நிறைய பாட்டு செருகி ஷேர் பண்ணி வச்சுட்டீங்கன்னா புயல் ராத்திரில நெட்டே இல்லாட்டியும், மோடம் யூபிஎஸ்ல ஓடுற வரைக்கும் வீட்டுல யார் போன்ல இருந்தும் அதைத் திறந்து கேக்கலாம், அம்மா அப்பாவுக்கு வேணுங்கிறதை இப்பவே ஏத்தி வச்சுடுங்க.