ஒரு கட்டையில் ஒரு மோகனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க இசைத்தட்டு கம்பெனியான மோடவுனின் பாடல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ‘மை கேர்ள்’ பாட்டைக் கேட்டேன். அதில் கிட்டார் வாசித்தவர் ராபர்ட் ஒயிட் என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு சந்தேகம். சொன்னதை வாசித்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவரைக் கலைஞர் என்று சொல்லலாமா? தவறாக நினைக்க வேண்டாம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தவறாக நினைக்கவில்லை. ஆனால் ‘சொன்னதை வாசித்துவிட்டு’ என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

வீட்டில் கீபோர்டு இருந்தால் ஒரு கட்டை சுருதியில், அதாவது C-யை ச-வாக வைத்து, ச ரி க ப த ச வாசித்துப் பாருங்கள். மோகன ராகத்தின் ஆரோகணம், அதாவது ஏறுவரிசை, முழுக்க வெள்ளைக் கட்டைகள். பாட்டு மத்தியமத்துக்குப் போகும்போது அதே வரிசையை ம-வை ஆதாரமாக வைத்து மறுபடி வாசியுங்கள். ‘மை கேர்ள்’ கிட்டார் அவ்வளவுதான். 1964-ல் அந்தப் பாட்டை எழுதியவர்கள் ஸ்மோக்கி ராபின்சனும் ரொனால்ட் ஒயிட்டும். ஆனால் யாரையாவது நிறுத்தி அந்தப் பாட்டை முணுமுணுக்கச் சொன்னால், பாதிப் பேர் வரிகளுக்கு முன்னால் அந்த ஆறு ஸ்வரத்தைத்தான் முணுமுணுப்பார்கள்.

அது எங்கே பிறந்தது தெரியுமா? டெட்ராய்ட், வெஸ்ட் கிராண்ட் புலவார்டு, 2648-ஆம் எண் வீடு. பெர்ரி கோர்டி 1959-ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய மோடவுன் கம்பெனியின் ஸ்டுடியோ அது, வாசிக்கிறவர்கள் அதற்கு வைத்த பெயர் பாம்புக்குழி. உள்ளே மூன்று கிட்டாரிஸ்டுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஜோ மெசினா இரண்டாவது, நாலாவது அடியில் டிரம்ஸோடு சேர்ந்து ‘சக்’கென்று வெட்டுவார், எடி வில்லிஸ் இடைவெளிகளில் மிசிசிப்பி ப்ளூஸ் வாசனையோடு சின்னச் சின்ன சங்கதிகள் போடுவார், ராபர்ட் ஒயிட் கட்டைவிரலால் கனமான, உருண்டையான நாதம் எழுப்புவார். மூன்று பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் வாசிக்க வேண்டும், பாடகருக்கும் இடம் விட வேண்டும். கச்சேரியில் பக்கவாத்தியம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்லவே வேண்டாம். எங்கே வாசிக்கக் கூடாது என்று ஒருவருக்குத் தெரிந்திருப்பதை நான் ஞானம் என்றுதான் சொல்வேன். பகலில் இதை வாசித்தவர்கள் இரவில் கிளப்புகளில் ஜாஸ் வாசித்தார்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன், அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இத்தனை வெற்றிப் பாடல்களுக்குப் பிறகும், 1971-ல் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பம் வரும்வரை மோடவுன் இசைத்தட்டு உறைகளில் இவர்கள் பெயர் வரவில்லை. அடுத்த வருடமே கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது, பல பேர் டெட்ராய்ட்டிலேயே நின்றுவிட்டார்கள்.

ராபர்ட் ஒயிட்டைப் பற்றி நண்பர் ஒருவர் சொன்ன சம்பவம் உண்டு. ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். பரிமாறுகிறவர் வந்து நிற்கும் நேரத்தில் ‘மை கேர்ள்’ ஒலிக்கிறது. கேக்குதா, அது நான்... என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு, சாப்பிட என்ன வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். எப்படி நம்புவான், ஏதோ கிழவன் உளறுகிறான் என்றுதானே நினைப்பான் என்பது அவர் கவலை. 1994-ல் இறந்துபோனார். இந்த வாத்தியக்காரர்களை உலகத்துக்குக் காட்டிய ஆவணப்படம் வந்தது 2002-ல்.

சரி, இன்னொரு முறை ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதலில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார் மட்டும், அப்புறம் ஒயிட்டின் கிட்டார். வயலின்கள் வந்துபோன பிறகு பாட்டு இரண்டு கட்டை சுருதிக்கு ஏறும். அந்த இடத்தில் டேவிட் ரஃபினின் குரலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, அடியில் கிட்டார் என்ன செய்கிறது என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.