பெரிய கோப்பும் நான்கு பக்கத் தாளும்: கட்டுமானப் பாதுகாப்புப் பணிக்குப் போகும் ஒரு மாணவருக்கு

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாதுகாப்பு அலுவலர் பணிக்கான நேர்காணலில், “நிறுவனத்தின் பாதுகாப்பு மேலாண்மை அமைப்புக்கும் ஒரு வேலைக்கான மெத்தட் ஸ்டேட்மென்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டார்கள். (ஒரு வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும் முறையை எழுதி வைக்கும் தாள்தான் மெத்தட் ஸ்டேட்மென்ட்.) “இரண்டும் பாதுகாப்பு ஆவணங்கள்தான், ஒன்று பெரியது, ஒன்று சிறியது” என்று சொல்லிவிட்டீர்கள். வேலை கைநழுவியது. மனம் ஒடிந்துவிடாதீர்கள். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் இதில் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கேட்டவர் கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார்.

குழாய் பதிப்பதற்காக இரண்டு மீட்டர் ஆழத்தில் பள்ளம் தோண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை சுமார் ஒன்றரை டன். சுவர் சரிந்தால் உள்ளே நிற்பவர் மூச்சுவிடவும் இடம் இருக்காது. அந்தப் பள்ளத்துக்கென்று எழுதப்படும் தாள் அந்தப் பள்ளத்தைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். அடியில் மின்கம்பி போகிறதா? தோண்டிய மண்ணை எந்தப் பக்கம், விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளிக் கொட்டுவது? (அமெரிக்க விதிப்படி குறைந்தது 2 அடி.) சுவருக்கு முட்டுக் கொடுப்பதா, சரிவாக வெட்டுவதா? ஏணி எங்கே? மழை பெய்து ஓய்ந்தபின் யார் இறங்கிப் பார்த்து ‘வேலை தொடங்கலாம்’ என்று சொல்வது? இந்தத் தாளின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் அபாயம் மிகுந்த கட்டுமான வேலைகளுக்கு இப்படியொரு ஆவணம் சட்டப்படியே கட்டாயம். வேறு இடங்களில் ஜே.எஸ்.ஏ. (வேலைப் பாதுகாப்புப் பகுப்பாய்வு) என்பார்கள், மெத்தட் ஸ்டேட்மென்ட் என்பார்கள். பெயர் எதுவானாலும் அது ஒரு வேலைக்கு உரியது. அந்த வேலை முடிந்தால் அதன் கடமையும் முடிந்தது.

மேலாண்மை அமைப்பு அந்தப் பள்ளத்தைப் பற்றி ஒரு வரிகூடப் பேசாது. பேசவும் கூடாது. அந்தத் தாளை எழுதும் தகுதி யாருக்கு உண்டு, அவருக்கு யார் பயிற்சி தந்தார்கள், துணை ஒப்பந்ததாரரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, விபத்து நடந்தால் யார் விசாரிப்பது, விசாரணையில் தெரிந்தது அடுத்த தளத்துக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பவைதான் அதன் கவலை. 2018இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 45001 என்ற பன்னாட்டுத் தரநிலை இதற்கானது. திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்ற சுழற்சியில் அது நிற்கிறது. தொழிலாளர்களின் கருத்தைக் கேட்பதையும் அவர்களைப் பங்கேற்க வைப்பதையும் அது நிபந்தனையாகவே வைக்கிறது. பலர் புரட்டிவிட்டுப் போகும் பகுதி அதுதான்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், ஆலோசகராவதற்கு முன் நானும் ஒரு கட்டுமானத் தளத்தில் இருந்தவன். கிரேனால் கம்பிக்கட்டு தூக்கும் வேலை. எங்கள் தாளில் ‘கெட்டித் தரையில் கிரேனை நிறுத்தவும்’ என்று இருந்தது. இரவெல்லாம் மழை. காலையில் கிரேன் ஓட்டுநர் இறங்கி வந்து தாங்குகால் ஒன்றைக் காட்டினார். இரும்புத் தட்டு ஒரு விரல் அளவு சேற்றில் புதைந்திருந்தது. அவராகவே தடித்த மரப்பலகைகளைத் தேடி எடுத்து அடுக்கி, அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த பிறகுதான் சுமையைத் தூக்கினார். எங்கள் மேற்பார்வையாளர் அவரைப் பாராட்டினார். ஆனால் தாளை யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. சில வாரங்கள் கழித்து அதே தாளை வைத்துக்கொண்டு வேறொரு குழு வேலை தொடங்கியது, கிரேன் சாய்ந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. எங்களிடம் சான்றிதழ் பெற்ற மேலாண்மை அமைப்பு இருந்தது. அலமாரி நிறையக் கோப்புகளும் இருந்தன. அந்த ஓட்டுநர் சொன்ன சொல் அடுத்த குழுவின் தாளுக்குப் போய்ச் சேர மட்டும் வழி இல்லை. அந்த வழியை அமைப்பதுதான் மேலாண்மை அமைப்பின் வேலை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த நேர்காணலில் இதே கேள்வி வந்தால் வரையறையை ஒப்பிக்காதீர்கள். “ஒரு வேலையில் யாருக்கு என்ன ஆபத்து, அதை எப்படித் தடுப்பது என்று தாள் சொல்கிறது, அந்தத் தாள் உண்மையாக இருப்பதையும் நிலைமை மாறும்போது தாளும் மாறுவதையும் அமைப்பு பார்த்துக்கொள்கிறது” என்று சொல்லி, பள்ளத்தையே உதாரணம் காட்டுங்கள். ஒன்று இருந்தால் மற்றொன்று தேவையில்லையா என்று மடக்கினால், தயங்காமல் “இரண்டும் வேண்டும்” என்று சொல்லுங்கள்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஐ.எஸ்.ஓ. 45001 தலைமைத் தணிக்கையாளர் பயிற்சியில் உடனே சேர்ந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். ஒரு சாரம் கட்டுவதை முழுதாக நின்று பார்க்காதவர் தணிக்கைக்குப் போனால் கையெழுத்துகளை மட்டுமே எண்ணிவிட்டு வருவார். முதலில் அடிப்படைப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று, அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகள் தளத்தில் வேலை. தணிக்கைப் பயிற்சி அதற்குப் பிறகு. சம்பளம் தொடக்கத்தில் குறைவாகத் தெரியலாம். அதைப் பார்த்து அலுவலக மேசை வேலைக்குத் தாவிவிடாதீர்கள்.

இந்த மாதம் ஒரு பயிற்சி செய்யுங்கள். அனுமதி பெற்று ஏதாவது ஒரு பள்ளம் தோண்டும் இடத்துக்குப் போய் ஒரு முழு நாள் நில்லுங்கள். தோண்டுபவர்களிடம் பேசுங்கள். பிறகு அந்த ஒரு வேலைக்கு மட்டும் நான்கு பக்கத்துக்கு மிகாமல் தாள் எழுதுங்கள். பள்ளத்தில் ஆள் இறங்காமலே வேலையை முடிக்க முடியுமா என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். முட்டும் தடுப்பும் அதற்கு அடுத்து. ஹெல்மெட்டும் கையுறையும் கடைசியில். ஹெல்மெட்டில் தொடங்கும் தாளைப் பார்த்தாலே எழுதியவர் தளத்துக்குப் போகவில்லை என்று தெரிந்துவிடும். வேறு எங்கிருந்தும் ஒரு வரியையும் எடுத்து ஒட்டாதீர்கள். எழுதியதை அந்தத் தொழிலாளர்களில் ஒருவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டி, அவர் திருத்தச் சொல்வதைத் திருத்திய பிறகு எனக்கு அனுப்புங்கள். அவர் சொல்லி நீங்கள் மாற்றிய வரிகளுக்கு அடியில் கோடு போட்டு அனுப்புங்கள். நான் முதலில் அவற்றைத்தான் படிப்பேன்.